முள் ஆடியதைப் பார்த்தவர்

என் மாப்பிள்ளை ராக்கெட் செய்கிற இடத்தில் இன்ஜினியர். மகளைக் கட்டிக்கொடுத்த புதிதில் இதைச் சொல்லிச் சொல்லியே தெருவில் ஒரு சுற்று பெருத்துவிட்டேன். முழு ராக்கெட்டையும் அவர்தான் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டால், அவர் கையில் இருப்பது ஒரே ஒரு வால்வு. என் முழங்கை நீளம்கூட இல்லை.

"இதுக்கா மாப்பிள்ளை அவ்வளவு படிப்பு?" என்றேன்.

"அது ஒழுங்கா மூடலைன்னா, மத்தவங்க படிச்சதெல்லாம் ஒண்ணா எரிஞ்சு போயிடும் அத்தை" என்றார்.

அப்படித்தான் பேசுவார். கேட்டாலும் பேசுவார், கேட்காவிட்டாலும் பேசுவார். நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தால், எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். என் மகள் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருபவள். "திரும்பவும் ராக்கெட்டா" என்று உள்ளே போய்விடுவாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் காது நன்றாகவே இருக்கிறது. புரியாததை நான் கூசாமல் கேட்பேன். அது அவருக்குப் பிடிக்கும்.

ராக்கெட் பெரிய விஷயமே இல்லை என்பார். "ராக்கெட்டுக்கு சில நிமிஷம்தான் அத்தை வேலை. காரைப் பாருங்க. பதினஞ்சு வருஷம் வெயில்லயும் மழையிலயும் நிக்கணும், பள்ளத்துல விழுந்து எழணும், உங்க மக மாதிரி ஆள் ஓட்டினாலும் தாங்கணும். எது கஷ்டம்?"

ராக்கெட் மேலே போவதே இல்லை என்றும் ஒருநாள் சொன்னார். கொஞ்ச தூரம் மேலே, பிறகெல்லாம் பக்கவாட்டில் ஓட்டமாம். அப்புறம் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்க வேண்டுமாம், தரையில் மட்டும் படக்கூடாதாம். விழுந்துகொண்டே இருப்பதற்கா இத்தனை பேர் சம்பளம் வாங்குகிறீர்கள் என்றேன். வாயில் இருந்த டீ புரையேறும்வரை சிரித்தார். அதை ஆபீஸில் போய்ச் சொல்லியும் இருக்கிறார்.

வேறு கிரகத்தில் குடியேறப் போகிறார்கள் என்று டிவியில் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "அங்க குழாய் ஒழுகினா வாஷர் வாங்கக் கடை இருக்கா?" என்பார். பேட்டரி காரைப் பற்றிக் கேட்டால், நல்ல வண்டிதான், ஆனால் சத்தமே இல்லாத வண்டியை நம்பக்கூடாது, நோயை மறைக்கிற ஆள் மாதிரி என்பார். எங்கள் பழைய காரில் பின் சீட்டில் உட்கார்ந்தபடியே, என் மகள் கிளட்ச் மேல் காலை வைத்திருக்கிறாளா இல்லையா என்று காதாலேயே கண்டுபிடிப்பார்.

"காலை எடும்மா. அது ஓய்வெடுக்கற இடம் இல்ல."

"எடுத்தாச்சு."

"எடுக்கலை. எனக்குக் கேக்குது."

இந்த ஒரு பேச்சுக்கே அவர்கள் இருவரும் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கில்லை. காலை எடுப்பாள், அடுத்த திருப்பத்தில் மறுபடியும் வைப்பாள்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

ராக்கெட் விடுகிற அறையில் வரிசையாக மேஜைகள். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், நடுவில் நிற்பவர் ஒவ்வொரு மேஜையாகக் கூப்பிடுவார். அந்த மேஜைக்காரர் ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். சரி, அல்லது நிறுத்து. யார் 'நிறுத்து' சொன்னாலும் எல்லாம் நின்றுவிடும். நின்ற பிறகுதான் ஏன் என்று கேட்கலாம், அதற்கு முன்னால் கேட்கக்கூடாது. அந்த ஒரு பழக்கத்துக்காகவே அந்த அறையை அவருக்குப் பிடிக்கும். வேறெங்கே, சொன்னவுடன் வாயை மூடிக்கொண்டு கேட்கிறார்கள் என்பார்.

அவருடைய மேஜையில் கம்ப்யூட்டர் திரை உண்டு. அதன் பக்கத்திலேயே பழைய காலத்து வட்ட மீட்டர் ஒன்றும் உண்டு, முள்ளோடு. எல்லோரும் அதைக் கழற்றச் சொன்னபோது அவர் விடவில்லை. திரை, வருகிற அளவுகளையெல்லாம் கூட்டிக் கழித்துச் சராசரியாக ஒரு எண்ணைக் காட்டும், அது அசையாமல் நிற்கும். முள் அப்படி இல்லை, வால்வுக்கு உள்ளே நடுங்கினால் வெளியே நடுங்கும். காய்ச்சல்காரன் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற மாதிரி என்று எனக்குச் சொன்னார்.

அன்றைக்கு முள் ஆடியது. திரையில் எண் ஆடாமல் நின்றது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பெரிய பெரிய ஆட்கள் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் முறை வந்தது. "நிறுத்து" என்றார்.

நிறுத்தினார்கள். தொட்டியிலிருந்த எரிபொருளையெல்லாம் இறக்கி, வால்வைக் கழற்றி, துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அதே வால்வை மறுபடியும் மாட்டி, இவர் நாற்காலியில் வேறொருவரை உட்காரவைத்து, அனுப்பினார்கள். ராக்கெட் போனது. நேராகப் போனது.

ஒருத்தரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உங்கள் அனுபவம் வண்டிகள் பிரிவுக்குத் தேவைப்படுகிறது என்று சொல்லி, ஆபீஸ் கார்களும் பஸ்களும் நிற்கிற கொட்டகைக்கு மாற்றினார்கள். கேன்டீனில் அவருக்கு 'பிரேக்' என்று பெயர் வைத்தார்கள். டீ கொடுப்பவர்கூட, "பிரேக் சாருக்கு ஒண்ணு" என்று குரல் கொடுப்பாராம்.

"முள் நிஜமாவே ஆடுச்சா மாப்பிள்ளை?" என்று நான் ஒரே ஒரு தடவை கேட்டேன்.

"ஆடுச்சு அத்தை."

"அப்புறம் எப்படி நல்லாப் போச்சு?"

"அன்னைக்கு ஆடலையோ என்னவோ. அன்னைக்கு நான் பார்க்கலையே."

நிறுத்தி வைத்த ராக்கெட், அன்றைக்கே போயிருந்தால் வெடித்திருக்குமா என்று யாரைப் போய் விசாரிப்பது.

கொட்டகையில் சும்மா இருப்பார் என்று நினைத்தார்கள். அங்கேயும் அதையே கொண்டுவந்தார். காலையில் வண்டி வெளியே போவதற்கு முன்னால் டிரைவர்கள் வரிசையாக நிற்க வேண்டும். இவர் நடுவில் நின்று கூப்பிடுவார். பிரேக், டயர், விளக்கு. ஒவ்வொன்றுக்கும் சரி, அல்லது நிறுத்து. முதலில் டிரைவர்கள் சிரித்தார்கள். "நாங்க எந்த கிரகத்துக்கு சார் போறோம்? ரயில்வே ஸ்டேஷனுக்குத்தானே?" என்றானாம் ஒருவன். ஒரு மழைநாளில் அவனே பிரேக்குக்கு 'நிறுத்து' சொன்னான். பிறகு சிரிப்பு நின்றது.

அப்புறம் நாலாவதாக ஒன்று சேர்த்தார். கண். அது வந்ததற்குக் காரணம், எல்லோரும் 'பெரிய டிரைவர்' என்று கூப்பிடுகிற வயதானவர். கண்ணில் புரை விழுந்ததை மறைத்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அவரிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார். கண்ணில் குறை என்று ஆபீஸில் பதிவானவர்களுக்கு, டாக்டர் மறுபடி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுக்கிறவரை சாவி கிடையாது என்று விதி போட்டார். பெரிய டிரைவருக்குச் சாவிகள் தொங்குகிற பலகையைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

"இந்தக் கண்ணு என்கூடவே பிறந்தது சார், எனக்குத் தெரியாதா இதைப் பத்தி?" என்று அந்த மனிதர் கேட்டாராம்.

"கூடப் பிறந்ததைத்தான் பெரியவரே நம்பக்கூடாது" என்றாராம் இவர். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவருக்கே முகம் சரியில்லை.

கொட்டகை வேலையை அவர் குறைவாகச் செய்யவில்லை. ஆனால் ராக்கெட் விடுகிற நாளில் மட்டும் அவரைப் பார்க்க முடியாது. அறைக்குப் போகிறவர்களை இவர் அனுப்புகிற பஸ்தான் ஏற்றிக்கொண்டு போகும். பஸ் கிளம்பின பிறகு காலி இடத்தில் நின்றுகொண்டிருப்பார் என்று பெரிய டிரைவர் என் மகளிடம் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு வேண்டியது வீடு வாசல் இல்லை, பதவி உயர்வு இல்லை. அந்த நாற்காலி. ரிட்டயர் ஆவதற்குள் இன்னும் ஒரு தடவை அதில் உட்கார்ந்து, தன் முறை வரும்போது ஒரு சொல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அதைக் கொண்டுவந்து நீட்டினவன் சின்னவன். மாப்பிள்ளைக்குக் கீழே வேலை கற்றவன். என் கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டவன். இப்போது அந்த அறைக்கே தலைவன். ஊருக்கு அவன் எவ்வளவு பெரியவனானாலும் எங்கள் வீட்டில் சின்னவன்தான். ஒரு விடுமுறை நாள் மதியம் நீளமான காரில் வந்து இறங்கினான்.

"என்னடா, ஒரு ஆளைத் தூக்க இவ்வளவு இரும்பா?" என்றார் மாப்பிள்ளை, வண்டியைப் பார்த்து.

"ஆபீஸ் கொடுத்தது அண்ணா."

"டயர் காத்து கம்மி. இடது பின்னாடி."

சின்னவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். வால்வு மேஜைக்கு ஆள் போதவில்லை. இவரைத் திரும்பக் கூப்பிட அவனுக்கும் ஆசை. ஆனால் மேலே இருக்கிற கமிட்டிக்கு ஒரு பதில் வேண்டும். அன்றைக்கு ஏன் நிறுத்தினார் என்ற கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.

"முள் ஆடலைன்னு நீங்க சொல்ல வேண்டாம் அண்ணா. ஆடின மாதிரி தெரிஞ்சதுன்னு சொல்லுங்க. கண்ணுல ஏதோ கோளாறு இருந்தது, இப்போ கண்ணாடி போட்டாச்சு. அவ்வளவுதான்."

"ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?"

"முதலாவதைச் சொன்னா நீங்க பொய் சொன்னதா ஆகும். ரெண்டாவதைச் சொன்னா யாரும் பொய் சொல்லலை. கண்ணு சொல்லிச்சு."

நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தாங்கவில்லை. வெளியே வந்தேன்.

"ஏம்பா சின்னவனே, எனக்கு ஊசியில நூல் கோத்துக் கொடுக்கறவர் அவரு. அந்தக் கண்ணுக்கா கோளாறு?"

"அம்மா, நீங்க ஊசியைச் சொல்றீங்க. நான் உலகத்தைச் சொல்றேன்" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. சிரித்தபோது பழைய சின்னவன் மாதிரியே இருந்தான். அதுதான் எனக்கு எரிச்சல்.

அவன் போன பிறகு என் மகள் பேசினாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. "போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க. யாருக்கும் நஷ்டமில்லாத பொய்" என்றாள்.

"எனக்கு?"

"உங்களுக்கு என்ன நஷ்டம்? பஸ் போற பக்கமே பார்த்துக்கிட்டு நிக்கறீங்களாம். அந்தப் பெரியவர் என்கிட்ட சொல்றாரு. எனக்குக் கேக்க நல்லா இருக்கா?"

"சொல்லாதீங்க மாப்பிள்ளை" என்றேன் நான். "பார்த்ததைப் பார்த்தேன்னு சொன்னீங்க. அவ்வளவுதானே செஞ்சீங்க?"

"அம்மா, நீ சும்மா இரு. நாலு எழுத்து தெரியாது, இதுல யோசனை வேற."

என் மகள் என்னை அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். எழுத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நான் எழுந்து போய் நறுக்கின காயையே மறுபடி நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தினமும் வாடிய முகத்துக்குச் சாப்பாடு போட்டவள் அவள்.

மாப்பிள்ளை போய்ச் சொன்னார். கண் கோளாறு என்று கமிட்டிக்கு முன்னால் சொன்னார். அவர்கள் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்களாம். ஒருவர், தன் அண்ணனுக்கும் அந்த வயதில் அப்படித்தான் ஆனது என்று ஆறுதல்கூடச் சொன்னாராம். வரும் வழியில் கடையில் லேசான பவரில் ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டார். போட்டால் அவருக்குத் தலை வலிக்கும். வீட்டில் நான் ஊசியை நீட்டினால், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நூலைக் கோத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி எடுத்து மாட்டிக்கொள்வார்.

நாற்காலி திரும்பக் கிடைத்தது. அது உறுதியான அன்று கொட்டகைக்குப் போனார், ராக்கெட் தளத்துக்குப் பழையபடி ஒரு காரைத் தானே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று. சாவிப் பலகைக்குப் பக்கத்தில் பெரிய டிரைவர். கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, ஆனாலும் பலகையை விட்டு அவர் நகரவில்லை.

"அந்த வெள்ளை வண்டி சாவி கொடுங்க பெரியவரே."

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். கை பலகைப் பக்கம் போகவில்லை.

"என்ன?"

"உங்க பேருக்கு நேரா கண்ணுன்னு வந்திருக்கு சார். மேல இருந்து சொல்லிட்டாங்க." அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாராம். "நீங்க போட்ட ரூல் சார். நான் என்ன பண்ண?"

பழிவாங்கின மாதிரி சொல்லியிருந்தால் மாப்பிள்ளை சண்டை போட்டிருப்பார். பெரியவர் அழுகிற குரலில் சொன்னார். "வேணும்னா நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன், நீங்களே எடுத்துக்குங்க சார்" என்றும் சொல்லியிருக்கிறார்.

மாப்பிள்ளை எடுக்கவில்லை. டாக்டரிடம் போனால் கண்ணில் கோளாறே இல்லை என்று எழுதிவிடுவார், கமிட்டிக்குச் சொன்னது கெட்டுப்போகும். மற்றவர்களோடு பஸ்ஸில் ஏறிப் போனார். அன்று முதல் வீட்டுக் காரையும் ஓட்டவில்லை. வெளியே யாராவது பார்த்தால் கதை கெட்டுவிடும் அல்லவா. சாவியை என் மகள் கையில் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். காருக்கு எண்ணெய் மாற்றுவதற்குக்கூடக் கடைக்கு விட்டார்கள். கடைக்காரன் நட்டை இறுக்கிய விதத்தைப் பார்த்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ராக்கெட் விடுகிற நாள் வந்தது. நானும் மகளும் வீட்டு டிவியில் பார்த்தோம். புகை, சத்தம், எல்லோரும் கைதட்டல். அது நேராகத்தான் போனது. நேராகப் போகவில்லை, பக்கவாட்டில் ஓடியது, இப்போது எனக்கும் தெரியும் அதெல்லாம். அந்தி சாய்வதற்கு முன்னால் அவரைக் கூட்டிவரக் காரை எடுத்துக்கொண்டு போனோம். கேட்டுக்கு வெளியே ஜனங்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் கண்ணாடியைப் பிடித்தபடி தனியாக வந்து பின் சீட்டில் ஏறினார். நான் முன்னால் இருந்தேன்.

வண்டி கொஞ்ச தூரம் போன பிறகு, "நல்லாப் போச்சு போல" என்றேன்.

"போச்சு அத்தை."

"உங்க முறை வந்துச்சா?"

"வந்துச்சு. சரின்னு சொன்னேன்."

"முள் எப்படி இருந்துச்சு மாப்பிள்ளை?"

நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், தலைவலிக்குத் தவிர வேறெதற்கும் உதவாத அந்தக் கண்ணாடியை.

"முள் இல்ல அத்தை. மீட்டரைக் கழட்டிட்டாங்க. அது இருந்த ஓட்டையில ஒரு தகடு வச்சு, நாலு திருகு போட்டு மூடியிருக்காங்க. பெயின்ட்கூட அடிச்சாச்சு."

"எப்போ கழட்டினாங்க?"

"கண்ணு சரியில்லாதவருக்கு அது எதுக்குன்னு சின்னவன் கழட்டச் சொன்னானாம். தொந்தரவா இருக்கக்கூடாதுன்னு."

"அப்போ நீங்க எதைப் பார்த்துச் சரின்னு சொன்னீங்க?"

"திரையில எண் இருந்துச்சு. ஆடாம நின்னுச்சு."

உள்ளே ஆடியதா இல்லையா என்பது இந்தத் தடவை அவருக்கும் தெரியாது. முன்பாவது உலகத்தில் ஒருத்தருக்குத் தெரிந்திருந்தது.

என் மகள் ஓட்டிக்கொண்டிருந்தாள். சந்தை முனையில் கூட்டம், வண்டி ஊர்ந்துதான் போனது. அவள் இடது கால் கிளட்ச் மேல் இருந்ததை நான் பார்த்தேன். அடியில் ஏதோ லேசாகத் தேய்கிற சத்தம் எனக்கே கேட்டது, என் காதுக்கே. பின்னாலிருந்து பேச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மகள் மேலே மாட்டியிருந்த கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்து சாலை காலியான பிறகும் அவள் காலை எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் வைத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்திக்கூடப் பார்த்தாள். சத்தம் கூடியது. அடிக்கடி கண்ணாடியைப் பார்த்தாள்.

"வண்டியில ஏதோ சத்தம் வருதுங்க" என்றாள் கடைசியில்.

"வருதா?" என்றார் அவர். "கடையில காட்டும்மா. எனக்கு என்ன தெரியும்."

வீடு வரும்வரை அவள் காலை எடுக்கவே இல்லை.